பழைய இரும்பு யாருடையது

வலது தோளுக்குள் யாரோ ஆணியை வைத்துத் திருகுவதுபோல் வலித்தது. நீதிமன்ற வராந்தாவில் போட்டிருந்த பெஞ்சுக்குச் சாய்மானம் கிடையாது. சுவரில் சாயலாம் என்றால் பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் புகுந்து போகிற இடைவெளி. இந்தக் கட்டடத்தைக் கட்டியவன் வாழ்நாளில் ஒரு மூட்டைகூடத் தூக்கியிருக்கமாட்டான் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு, இடது கையால் வலது தோளைப் பிடித்து அமுக்கினான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அறுத்துத் தைத்த தோள். நாள் முழுக்க டிரம்ஸ் வாசித்தால்கூட இப்படி வலிக்காது. சும்மா உட்கார்ந்திருந்தால்தான் வலிக்கும்.

அவனை எல்லோரும் மூட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வயதில் கிடங்கில் மூட்டை தூக்கப் போனவன், நாற்பத்தைந்து வயதாகியும் வாரத்தில் நாலு நாள் தூக்கிக்கொண்டிருக்கிறான். மீதி நாளில் டிரம்ஸ். இரண்டுக்கும் தோள்தான் முதல்.

"ரொம்ப வலிக்குதா மாமா?" பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சினி கேட்டாள். பெண்டாட்டியின் தங்கை. முப்பத்து மூன்று வயதாகியும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர்.

"பழகிடுச்சு."

"மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்."

"அக்கா எடுத்துக் குடுத்ததா, நீங்களே எடுத்துப் போட்டதா?"

"உங்கக்கா குடுத்தது."

"அப்ப சரி. நீங்களா எடுத்தா வயித்துப்போக்கு மாத்திரையா இருக்கும்."

ஜன்னலோரம் நின்றிருந்த நெட்டை லேசாகச் சிரித்தான். ஆறடிக்கு மேல் வளர்ந்துவிட்டு, கதவு ஜன்னலுக்கெல்லாம் குனிந்து குனிந்தே கூன் விழுந்தவன். அவன் பேஸ் கிதார் வாசிப்பான். பாப்பா கிதாரும் வாசித்துப் பாடவும் செய்வாள். டிரம்ஸ் வாசிப்பது மூட்டை. இந்த மூன்று பேர்தான் 'பழைய இரும்பு'. பதினோரு வருஷமாக மேடையேறுகிற ராக் குழு. பாப்பாவின் அப்பா வைத்திருந்த இரும்புக் கடையின் தகரக் கொட்டகையில்தான் முதன்முதலாக வாசித்துப் பழகினார்கள். வாசலில் 'பழைய இரும்பு வாங்கப்படும்' என்று அவர் கையால் எழுதிய பலகை. மழையில் கடைசி வார்த்தை அழிந்துபோக, மிச்சமிருந்ததே குழுவுக்குப் பெயராயிற்று. அப்பா போய்ச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகிறது.

அந்தப் பெயருக்காகத்தான் இப்போது கோர்ட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

எட்டு மாசத்துக்கு முன்னால் நெட்டை ஒரு விளம்பரத் தாளைக் கொண்டுவந்து காட்டினான். மேலே 'பழைய இரும்பு' என்று கொட்டை எழுத்து. கீழே யாரோ மூன்று பேர். நடுவில் நின்ற பெண் பாப்பாவைப்போலவே முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். இவர்களுடைய இரண்டு ஆல்பங்களை வெளியிட்ட கம்பெனிதான் அந்த மூன்று பேரைப் பிடித்துப் போட்டிருந்தது. மூன்றாவது ஆல்பத்துக்குக் கம்பெனி எழுதிக் கொடுத்த பாட்டைப் பாடமாட்டேன் என்று பாப்பா சொல்லி ஆறு மாசமாகியிருந்தது. "நீ பாடலைன்னா உன் பேர் பாடும்" என்று அங்கே யாரோ சொல்லியிருப்பார்கள்போல.

போய்க் கேட்டபோது கம்பெனி ஒரு காகிதத்தை நீட்டியது. ஒப்பந்த நீட்டிப்பு. இன்னும் நாலு ஆல்பம். பதினான்காவது பிரிவில், குழுவின் பெயர் இனிமேல் கம்பெனிக்குச் சொந்தம், யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தது. அடியில் மூட்டையின் கையெழுத்து. குழு ஆரம்பிக்கும்போது எழுதிக்கொண்ட கூட்டுப் பத்திரத்தில், மூத்தவர் என்று அவன் ஒருவன் கையெழுத்துப் போட்டாலே போதும் என்று வைத்திருந்தார்கள். "எல்லாம் மாமா பாத்துப்பாரு" என்று சொன்னவள் பாப்பாதான்.

அன்றைக்குப் பாப்பா அவன் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அதற்குள் அவன் வாயிலிருந்து வந்துவிட்டது.

"எப்பப் போட்டேன்னே தெரியலம்மா. கச்சேரிக்கு லோடு ஏத்தறப்ப நம்ம குழு மேனேஜர் ஒரு கத்தை பேப்பர் நீட்டுவான். மடமடன்னு போட்டுத் தள்ளுவேன். அதுல சொருகியிருப்பான்."

அந்த ஒரு வாய்ப் பேச்சுதான் வழக்காக வளர்ந்தது. கம்பெனி மேலும், ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியதாக மேனேஜர் மேலும். மேனேஜரிடம் இருந்த மற்ற இரண்டு குழுக்களும் அந்த மாசமே அவனை விட்டு விலகிவிட்டன. பாப்பா தன் கிதார்களில் நல்லதாக இருந்த ஒன்றை விற்று வழக்குக்குக் கட்டினாள்.

வராந்தாக் கோடியிலிருந்து வக்கீலம்மா வந்தார். குள்ளம். கையில் அவரைவிடப் பெரிய பை. மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

"நல்ல சேதி. மதியம் அசல் பத்திரம் வருது. நான்தான் மனு போட்டுக் கேட்டேன். இதுவரைக்கும் ஜெராக்ஸைத்தானே நீட்டினாங்க. அசலைப் பாத்தா அவசரத்துல வாங்கினதுன்னு தெரிஞ்சுடும். கசங்கியிருக்கும், கறை இருக்கும்."

"அசலா?" என்றான் மூட்டை.

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல."

தோளை அமுக்கிக்கொண்டிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

*

கிடங்கில் சேர்ந்த புதிதில் எண்ணிப் பார்க்காமல் நூற்றிருபது மூட்டைக்குக் கையெழுத்துப் போட்டான். இறக்கும்போது நூற்றுப் பதினெட்டுதான் இருந்தது. இரண்டு மூட்டைக்காக மூன்று மாசம் கூலியில் பிடித்தார்கள். வீட்டில் மூன்று மாசம் ஒருவேளைச் சோறு. அதற்கப்புறம் அவன் கையால் தொடாத சாமானுக்குக் கையெழுத்துப் போட்டதில்லை. ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்ப்பான், காகிதத்தில் அதற்கு நேராகப் பென்சிலால் சின்னதாக ஒரு டிக் அடிப்பான். கிழிசல், உடைசல் இருந்தால் டிக்குக்குப் பதில் ஒரு வட்டம். எல்லாம் முடிந்து கடைசியில்தான் பேனா எடுப்பான்.

குழுவுக்கும் அதே பழக்கத்தைக் கொண்டுவந்தான். ஒரு கச்சேரிக்கு ஐம்பத்திரண்டு சாமான். ஸ்பீக்கர், ஸ்டாண்டு, ஒயர்ச் சுருள், டிரம்ஸ் பெட்டி என்று வரிசையாகப் பட்டியல். வண்டியில் ஏற்றும்போது ஐம்பத்திரண்டு டிக். "இவர் கல்யாணப் பதிவேட்டுலகூட பொண்ணைத் தொட்டுப் பாத்து டிக் அடிச்சுட்டுதான் கையெழுத்துப் போட்டாராம்" என்று நெட்டை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

அப்படிப்பட்டவன், காகிதத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டதாகச் சொன்னான். பாப்பா நம்பினாள். நெட்டையும் நம்பினான். அவன் பொய் சொல்லி அவர்கள் பார்த்ததில்லை.

நடந்தது வேறு. ஒரு கல்லூரி மைதானத்தில் பகல் கச்சேரி. பாதியிலேயே வலது கை மார்புக்கு மேல் எழும்பவில்லை. மீதிப் பாட்டெல்லாம் இடது கையாலேயே சமாளித்தான். கூட்டத்துக்குத் தெரியவில்லை, பாப்பாவுக்கும் தெரியவில்லை. மேனேஜருக்குத் தெரிந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேடைக்குப் பின்னால் காகிதத்தோடு வந்தான்.

"அவசரமில்ல. உக்காந்து படி" என்றான். இதுதான் அவன் சொன்னது, வார்த்தை மாறாமல்.

மூட்டை டிரம்ஸ் பெட்டிமேல் உட்கார்ந்தான். மேனேஜர் சட்டைப் பையிலிருந்த பென்சிலை வாங்கிக்கொண்டான். காகிதத்தைப் படிக்க அவனுக்கு வேறு வழி தெரியாது. ஒவ்வொரு பிரிவாக விரலை வைத்துப் படித்து, புரிந்ததும் ஓரத்தில் டிக் அடித்தான். அரைமணி நேரம். பதினான்காவது பிரிவில் விரல் நின்றது.

"இது என்ன?"

"பேரு. கம்பெனி கேக்குது. அது இல்லாம மேல கையெழுத்து ஆகாது. ஆச்சுன்னா உன் தோளுக்கு ஆபரேஷன் கம்பெனி பொறுப்பு. அடுத்த வாரமே படுத்துக்கலாம்."

"பாப்பாகிட்ட கேக்கணும்."

"கேளு. நான் வேணாம்னா சொன்னேன்?"

பாப்பா பத்தடி தள்ளி, ஒயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு நெட்டையோடு எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவன் கேட்கவில்லை. கை தூக்க முடியாதவனுக்குக் கிடங்கிலும் இடமில்லை, மேடையிலும் இடமில்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள். நாலு ஆல்பம் என்றால் நாலைந்து வருஷத்துக்கு வேலை நிச்சயம் என்றும் கணக்குப் போட்டான். பதினான்குக்கு நேராக ஒரு வட்டம் போட்டான். கிழிந்த மூட்டையைத் தெரிந்தே ஏற்றுவதில்லையா, லாரி நிற்காது என்று? அப்படி ஏற்றினான். பேனாவை எடுத்தான்.

வீட்டில், "கம்பெனிக்காரன் நல்ல மனசுக்காரன்" என்றான். பெண்டாட்டி கம்பெனியை வாயார வாழ்த்தினாள்.

ஜெராக்ஸ் இயந்திரத்துக்கு லேசான பென்சில் தெரியாது. அதுதான் இத்தனை மாசம் அவனைக் காப்பாற்றியது. அசலில் எல்லாம் இருக்கும்.

*

பதினொரு மணிக்குக் கூண்டில் ஏறினான். உண்மையே பேசுவேன் என்று உறுதிமொழி எடுத்தான். நீதிபதி நடுத்தர வயது அம்மா. பேனாவை மூடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

வக்கீலம்மா பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதம் எடுத்தார். பழைய லோடு பட்டியல்கள். அவன் பெண்டாட்டி பரண்மேல் ஏறித் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தது. "எங்க வீட்டுக்காரர் ஒரு துண்டுக் காகிதத்தைக்கூடத் தூக்கிப் போடமாட்டாரு" என்று பெருமையாகச் சொல்லிக் கொடுத்தாள். இப்படிக் கத்தையாகத்தான் கையெழுத்து வாங்குவார்கள் என்று காட்டத்தான் வக்கீலம்மா அதைக் கேட்டார்.

"இந்த டிக் எல்லாம் என்ன?" என்று நீதிபதி கேட்டார்.

"சாமானைத் தொட்டுப் பாத்துட்டேன்னு அர்த்தம்மா."

"இந்த வட்டம்?"

"அந்தச் சாமான் சரியில்லம்மா. உடைஞ்சது, கிழிஞ்சது."

"உடைஞ்சதையும் ஏத்துவீங்களா?"

"ஏத்தித்தான் ஆகணும்மா. விட்டுட்டு வரமுடியாது."

நீதிபதி லேசாகப் புன்னகைத்து எழுதிக்கொண்டார். "எங்க ஆபீஸ்ல இப்படி ஒருத்தர் இருந்தா நல்லா இருக்கும்." அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். பாப்பாவும் சிரித்தாள். வழக்குப் போட்ட நாளிலிருந்து அவள் சிரித்து அவன் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இந்த நீட்டிப்பு ஒப்பந்தத்தை நீங்க படிச்சீங்களா?" என்று வக்கீலம்மா கேட்டார்.

"இல்ல."

"என்னன்னு தெரிஞ்சு கையெழுத்துப் போட்டீங்களா?"

"இல்ல."

கம்பெனிக்கும் மேனேஜருக்கும் சேர்த்து வாதாடுகிற எதிர்க்கட்சி வக்கீல், வயதானவர், காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். குறுக்கு விசாரணையை அசல் வந்தபிறகு வைத்துக்கொள்கிறேன் என்றார். சாப்பாட்டு நேரத்துக்குக் கோர்ட்டு கலைந்தது.

*

பின்பக்கம் கை கழுவுகிற இடத்தில் மேனேஜர் நின்றிருந்தான். ஆள் பாதியாகியிருந்தான். முன்னெல்லாம் கையில் இரண்டு போன் இருக்கும், இரண்டும் ஒரே நேரத்தில் அடிக்கும். இப்போது கையில் ஒரு கைக்குட்டை மட்டும்.

மூட்டை திரும்பிப் போகப் பார்த்தான்.

"ஓடாத மூட்டை. கடிக்கமாட்டேன்."

"பேசக்கூடாதுன்னு வக்கீலம்மா சொல்லியிருக்காங்க."

"நீ பேசாத. கேளு." மேனேஜர் குழாயைத் திருகினான். தண்ணீர் வரவில்லை. "நீ அரைமணி நேரம் பெட்டிமேல உக்காந்து படிச்சேன்னு நான் என் வக்கீல்கிட்ட நூறு தடவை சொல்லிட்டேன். அவரே நம்பல. டிரம்ஸ்காரன் எங்கய்யா படிக்கிறான்னு கேக்கறாரு."

மூட்டை கீழே பார்த்தான்.

"நான் யோக்கியன்னு சொல்லல. வண்டி வாடகையில இழுத்திருக்கேன், ஓட்டல் பில்லுல இழுத்திருக்கேன். உனக்கே தெரியும். இதை மட்டும் நான் பண்ணல. உக்காந்து படின்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன."

"என் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல பேரு சொல்லிக் கூப்பிடறதில்ல. கையெழுத்துத் திருடன் மகள்னுதான் கூப்பிடறாங்க. பதிமூணு வயசு. நேத்து புத்தகப்பையைத் தூக்கி எறிஞ்சுட்டுப் போகமாட்டேன்னு உக்காந்துட்டா." மேனேஜர் ஈரமில்லாத கையைக் கைக்குட்டையில் துடைத்தான். "அவ்வளவுதான். போ. சாப்பிடு."

மூட்டை சாப்பிடப் போகவில்லை. மாடிப்படியின் திருப்பத்தில் பாப்பா ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவனுக்குப் பாதியைப் பிய்த்து நீட்டினாள். வாங்கவில்லை.

"பாப்பா. நான் படிச்சேன்."

"எதை?"

"அந்தப் பத்திரத்தை. முழுசா. ஒவ்வொண்ணா டிக் அடிச்சுப் படிச்சேன்."

அவள் கையிலிருந்த ரொட்டி அப்படியே நின்றது. கீழே யாரோ இருமிக்கொண்டே படியேறி வந்து, இவர்களைத் தாண்டிப் போனார்கள்.

"பதினாலுக்கு?"

"வட்டம்."

அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பதினோரு வருஷம் அந்தப் பட்டியல்களைப் பார்த்தவள்.

"எதுக்கு மாமா?"

"தோளுக்கு."

அவள் ரொட்டியைப் பொட்டலத்தில் வைத்து மடித்தாள். ரொம்ப நேரம் மடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"சரி. இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க. வக்கீலம்மாகிட்டயும் சொல்லாதீங்க. ரெண்டு வருஷம் ஆச்சு, பென்சில் மங்கியிருக்கும். அவங்க யாருக்கும் எங்க பாக்கணும்னு தெரியாது. கேட்டா இல்லன்னு சொல்லுங்க. காலைல சொன்னதையே சொல்லுங்க."

"மேனேஜர் பொண்ணை..."

"மேனேஜரைப் பத்தி என்கிட்ட பேசாதீங்க. அவன் நமக்குப் பண்ணாத திருட்டா? எங்கப்பா எழுதின பேரு மாமா. அவன் பொண்ணு இன்னும் நாலு வருஷத்துல எல்லாத்தையும் மறந்துடும். நான் எதை மறக்கறது?"

அவன் தலையாட்டினான். சரி என்பதற்கா, கேட்டுக்கொண்டேன் என்பதற்கா என்று அவனுக்கே தெளிவில்லை. அவள் சரி என்றுதான் எடுத்துக்கொண்டாள். பாதி ரொட்டியை மறுபடி நீட்டினாள். இந்தத் தடவை வாங்கிக்கொண்டான்.

*

அசல் ஒரு பிளாஸ்டிக் உறையில் வந்தது. எதிர்க்கட்சி வக்கீல் அதை உருவி, பக்கங்களைப் புரட்டி, கடைசிப் பக்கத்தில் நிறுத்தினார். கசங்கல் இல்லை, கறை இல்லை. வக்கீலம்மாவின் முகம் கொஞ்சம் சுருங்கியது. நீதிபதி வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

காகிதம் கூண்டுக்கு வந்தது. உறைக்குள்ளேயே உராய்ந்து பென்சில் ஏறக்குறைய அழிந்திருந்தது. பாப்பா சொன்னது சரி. தெரியாதவன் கண்ணுக்கு அது காகிதத்தின் அழுக்கு. பக்கங்களைப் புரட்டிய அவன் கண்ணுக்கு மட்டும் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பதின்மூன்று. பிறகு வட்டம்.

"இது உங்க கையெழுத்தா?" வக்கீல் கேட்டார்.

"ஆமா."

"இந்தப் பத்திரத்தைப் படிக்காம போட்டேன்னு காலைல சொன்னீங்க. இப்ப அசலைப் பாத்துச் சொல்லுங்க. படிச்சீங்களா, இல்லையா?"

அவர் பெரிதாக எதையும் எதிர்பார்த்துக் கேட்கவில்லை. கேட்கவேண்டுமே என்று கேட்டார். அடுத்த கேள்விக்குக் காகிதத்தைத் தேடிக்கொண்டே கேட்டார். இல்லை என்று ஒரு வார்த்தை. அதோடு முடிந்துவிடும்.

பாப்பா முன்வரிசையில் இருந்தாள். கண்ணெடுக்காமல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் கடைசி வரிசையில். அவன் இந்தப் பக்கமே பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடி விழும் என்று தெரிந்தவன் உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருந்தான். மூட்டைக்கு அந்த உட்காரல் தெரியும். இரண்டு மூட்டை குறைந்த அன்றைக்கு மேஸ்திரி அறை வாசலில் அவன் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். அந்த மூட்டைகளை எடுத்தவன் பக்கத்திலேயே நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

"கேள்வி காதுல விழுந்துச்சா?" என்றார் நீதிபதி.

"விழுந்துச்சும்மா." உதட்டை நனைத்துக்கொண்டான். "இந்தப் பக்கங்களைக் கொஞ்சம் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்கம்மா. ஓரத்துல."

நீதிபதி வாங்கி ஜன்னல் பக்கம் சாய்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். காலையில் வைத்துவிட்டுப் போன லோடு பட்டியலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"படிச்சேம்மா. எல்லாத்தையும். பதினாலாவது சரியில்லன்னு தெரிஞ்சுதான் போட்டேன். மேனேஜர் உக்காந்து படின்னுதான் சொன்னாரு. சொருகல."

"காலைல உறுதிமொழி எடுத்துட்டுச் சொன்னது?"

"பொய்தாம்மா."

நீதிபதி எழுத ஆரம்பித்தார். ரொம்ப நேரம் எழுதினார். வக்கீலம்மா பையின் ஜிப்பைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். மேனேஜர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு குனிந்துவிட்டான். பாப்பா எழுந்து வெளியே போனாள். கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள். அவள் படாரென்று சாத்தியிருந்தால் மூட்டைக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

*

மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. பாட்டுகள் பாப்பாவுடையவை, பாடலாம். பெயர் கம்பெனிக்கு. மேடையிலோ விளம்பரத்திலோ பாப்பா, நெட்டை, மூட்டை மூன்று பேரும் இனி அதைப் பயன்படுத்தக் கூடாது. மேனேஜர் மீதான வழக்கு தள்ளுபடி. பொய்ச்சாட்சிக்காக மூட்டைக்குத் தனியாக ஒரு நோட்டீஸ்.

இந்த மூன்று வாரமும் பெண்டாட்டி அவனோடு தேவைக்கு மட்டும் பேசினாள். சாப்பாடு போட்டாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். ஒரே ஒருநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "தோளுக்காகப் போட்டீங்க, அது எனக்குப் புரியுது. அந்தக் கம்பெனிக்காரனை நல்லா இருக்கட்டும்னு ஒரு வருஷத்துக்கு மேல நான் வாழ்த்தினேனே, அப்பக்கூட வாயைத் திறக்கலையே." தேய்த்த பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தீர்ப்புக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பாப்பா வந்தாள். வழக்கம்போலச் செருப்பைக் கழற்றி எறிந்தாள், பிள்ளைகள் தலையில் தட்டினாள், அடுக்களைக்குள் போய்ப் பானையைத் திறந்து பார்த்து, "இதுதானா" என்றாள். பிறகு வந்து அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். முகம் வற்றியிருந்தது.

"மாமா, நான் கொஞ்சம் பேசறேன். நடுவுல எதுவும் சொல்லாதீங்க."

"சொல்லு."

"முதல் தடவை உங்க தோளுக்காக என் பேரைக் குடுத்தீங்க. என்கிட்ட கேட்டிருந்தா நானே கையெழுத்துப் போட்டிருப்பேன். உங்க கை பெருசா, ஒரு பேரு பெருசா? இது உங்களுக்குத் தெரியல பாருங்க, அதுதான் எனக்கு ஆறல."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"ரெண்டாவது தடவை உங்க மனசுக்காகக் குடுத்தீங்க. அந்த ஆளுக்காக. அதுக்கு நான் குடுத்திருக்கமாட்டேன். வேணாம்னு சொன்னேன். தலையை ஆட்டிட்டுப் போய்க் குடுத்தீங்க. நீங்க சொன்னது நியாயமாவே இருக்கட்டும். அந்தப் பொண்ணு இப்பப் பள்ளிக்கூடம் போகுதாம், நெட்டை சொன்னான். போகட்டும், நல்லா இருக்கட்டும். ஆனா அது உங்க பேரு இல்ல மாமா."

"என்ன பண்ணணும், சொல்லு. செய்யறேன்."

"என்ன பண்ண முடியும்? கம்பெனிகிட்ட போய்த் திருப்பிக் கேப்பீங்களா?" அவள் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். கிதார்க் கம்பி அறுத்துக் காய்த்துப் போன விரல்கள். "ஒண்ணும் பண்ண வேணாம். ஆனா மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. நீங்க எனக்குத் தரவேண்டியிருக்கு. அதை ஞாபகம் வெச்சுக்கங்க. போதும்."

"ஞாபகம் இருக்கும்."

"வெள்ளிக்கிழமை வாசிக்கணும். ஒரு தொழிற்சங்கக் கூடம், இருநூறு பேர் வருவாங்க. வருவீங்கல்ல?"

"நானா?"

"வேற டிரம்ஸ்காரனுக்கு நான் எங்க போறது?"

"என்ன பேர்ல போட்டிருக்காங்க?"

"பேரு போடல. மூணு பேர் வாசிப்பாங்கன்னு போட்டிருக்கு." எழுந்தாள். "அக்கா, சோத்தைப் போடு. பசிக்குது."

மூன்று தட்டுகளில் சோறு வந்தது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அவள் கிளம்பிப் போனாள். மூட்டை வெள்ளிக்கிழமை போனான், வாசித்தான். அதற்கப்புறமும் எத்தனையோ இடத்தில் வாசித்தான். வேறு பெயர் வைக்கலாம் என்று நெட்டை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தான். பாப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

மூட்டை தன் மச்சினிக்கு ஒரு பெயர் தரவேண்டும். அவள் அப்பா எழுதியது, அவள் பதினோரு வருஷம் பாடிச் சம்பாதித்தது. இன்றுவரை தரவில்லை.